மீமிசல் கடைவீதி: இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளம் உடையது. அக்கரையோரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்திலிருந்து தொண்டியை நோக்கிச் சென்றால் வழியில் மீமிசல் வரும். ஆவுடையார்கோயிலிலிருந்து வரும் சாலை இங்கேதான் கடற்கரைச் சாலையைத் தொடுகிறது. ஒரு மாலை வேளையில் அந்த முக்கில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பேருந்துக்குக் காத்திருப்போர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், மீன் கூடையுடன் சாலையைக் கடக்கும் அம்மா, நிற்காமல் விரையும் லாரிகள் என எல்லாரும் எல்லாமும் அந்தச் சிறு இடத்தில் கூடுவதைக் காணலாம்.

இந்த இடம் இன்னும் இருபத்தெட்டு ஆண்டுகளில் எப்படி இருக்கும்? அதென்ன இருபத்தெட்டு என்று கேட்கிறீர்களா? காரணம் பின்னால் தெரியும். இப்போதைக்கு ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். உங்களுக்கு இன்று வயது பதினைந்து என்றால், அன்று நாற்பத்து மூன்று. அந்தக் கடைவீதியில் உங்கள் பிள்ளைகள் நடந்துகொண்டிருப்பார்கள். ஆகவே இது உங்களைப் பற்றிய கேள்வி.

கடைவீதி ஏன் அங்கே உருவாகிறது?

ஒரு கடைவீதியை எவரும் ஓரிடத்தில் கொண்டுவந்து வைப்பதில்லை. சாலைகள் கூடுமிடத்தில் ஒரு தேநீர்க்கடை முளைக்கிறது. தேநீர்க்கடைக்கு வருபவரைக் கண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வருகிறது. பிறகு மருந்துக்கடை, பிறகு வங்கி. ஓர் ஊர் சுற்றியுள்ள சிற்றூர்களை ஈர்ப்பதற்கும் நியூட்டனின் ஈர்ப்பு விதிக்கும் ஓர் ஒற்றுமை இருப்பதை 1931-இல் அமெரிக்கரான வில்லியம் ரைலி எடுத்துக் காட்டினார். ஊரின் மக்கள்தொகை கூடினால் ஈர்ப்பு கூடும். தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகக் குறையும்.

இரண்டு ஊர்களுக்கு இடையே 30 கி.மீ. தொலைவு என்று கொள்வோம். ஒன்றின் மக்கள்தொகை மற்றதைப்போல் நான்கு மடங்கு. நடுவில் உள்ள சிற்றூர்க்காரர் எந்த ஊருக்குச் சாமான் வாங்கப் போவார்? சிறிய ஊரிலிருந்து 10 கி.மீ. வரை உள்ளவர்கள் சிறிய ஊருக்கும், அதற்கு அப்பால் உள்ளவர்கள் பெரிய ஊருக்கும் போவார்கள் என்கிறது ரைலியின் கணக்கு. இது தோராயமான விதிதான். பேருந்து வசதி, உறவு, பழக்கம் எல்லாம் இதை மாற்றும். எனினும் ஓர் உண்மையை இது நமக்கு உணர்த்துகிறது. மீமிசல் கடைவீதி மீமிசலில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. சுற்றுவட்டார ஊர்களில் உள்ளவர்களும் அதில் பங்குடையவர்கள்.

இரட்டிப்பாகும் கணக்கு

வளர்ச்சியைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வளர்கிறதோ, அந்த எண்ணால் 70-ஐ வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது கிடைக்கும். கூட்டு வட்டிக் கணக்கின் சுருக்கமே இது. ஒரு சாலையில் வண்டிகள் ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடுகின்றன என்றால், 14 ஆண்டுகளில் அவை இரட்டிப்பாகும். அடுத்த 14 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். இருபத்தெட்டு ஆண்டு என்று நான் சொன்னதன் காரணம் இதுதான்.

வண்டிகள் நான்கு மடங்கானால் சாலையைக் கடப்பவருக்கு என்ன ஆகும்? எடுத்துக்காட்டுக்காக, முக்கில் இன்று மணிக்கு 300 வண்டிகள் போவதாகக் கொள்வோம். 3600 வினாடிகளை 300-ஆல் வகுத்தால், சராசரியாக 12 வினாடிக்கு ஒரு வண்டி. சாலையின் அகலம் 7 மீட்டர். கூடையுடன் நடக்கும் அம்மா வினாடிக்கு 1 மீட்டர் நடந்தால் கடந்து முடிக்க 7 வினாடி வேண்டும். ஆகவே இரு வண்டிகளுக்கு இடையே குறைந்தது 7 வினாடி இடைவெளி தேவை.

வண்டிகள் ஒழுங்காக 12 வினாடிக்கு ஒன்று என்று வருவதில்லை. முன்னும் பின்னுமாக வருகின்றன. அப்படித் தற்செயலாக வரும்போது 7 வினாடிக்கு மேற்பட்ட இடைவெளிகள் எத்தனை என்று நிகழ்தகவுக் கணிதம் சொல்கிறது. மணிக்கு 300 வண்டிகள் என்றால் பத்து இடைவெளிகளில் ஏறத்தாழ ஆறு போதுமானவை. 600 வண்டிகள் என்றால் பத்தில் மூன்று. 1200 வண்டிகள் என்றால் பத்தில் ஒன்றே ஒன்று. வண்டிகள் நான்கு மடங்கானபோது கடப்பதற்கான வாய்ப்பு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. காத்திருந்து பொறுமை இழந்தவர் போதாத இடைவெளியில் இறங்கி ஓடுவார். விபத்துகள் அப்போதுதான் நேருகின்றன.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஆளைப் பார்த்து ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆகும். அதற்குள் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். பிறகு வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் நிற்க மேலும் 28 மீட்டர் தேவை. மொத்தம் 45 மீட்டர். அதே வண்டி 30 கி.மீ. வேகத்தில் வந்தால் 15 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு கால்பங்காகும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்று நீங்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

சரி, தீர்வு என்ன? சாலையின் நடுவே நின்றுகொள்ள ஒரு மேடை கட்டுவோம். இப்போது அந்த அம்மா ஒரே மூச்சில் 7 மீட்டர் கடக்க வேண்டியதில்லை. முதலில் மூன்றரை மீட்டர், மேடையில் சற்று நின்று, பிறகு மூன்றரை மீட்டர். ஒவ்வொரு பாதியிலும் ஒரு திசை வண்டிகள் மட்டுமே வரும். 1200 வண்டிகளில் ஒரு திசைக்கு 600. சராசரி இடைவெளி 6 வினாடி. தேவைப்படுவது மூன்றரை வினாடி. இந்த விகிதமும் 12-க்கு 7 என்ற பழைய விகிதமும் ஒன்றே அல்லவா? எனவே ஒவ்வொரு பாதியிலும் பத்தில் ஆறு என்ற பழைய வாய்ப்பு திரும்பக் கிடைத்துவிடுகிறது! இருபத்தெட்டு ஆண்டு வளர்ச்சியை ஒரு சிறு மேடை ஈடுசெய்கிறது.

ஆனால் அந்த மேடைக்கு ஓரிரு மீட்டர் அகலம் வேண்டும். இன்றே அந்த இடத்தை விட்டுவைத்தால் செலவில்லை. இருபுறமும் மாடிக் கட்டடங்கள் எழும்பிய பிறகு அதே ஓரிரு மீட்டருக்காகக் கடைகளை இடிக்க நேரும். திட்டமிடுதலின் சாரம் இதுதான். நாளைக்குத் தேவைப்படும் இடத்தை, அது மலிவாக இருக்கும்போதே ஒதுக்கி வைப்பது.

கண்ணுக்குத் தெரியாத எல்லை

கடற்கரை ஊர்களின் வளர்ச்சிக்கு இன்னோர் எல்லையும் உண்டு. அது நிலத்தின் அடியில் இருக்கிறது. கடலோரத்தில் மழைநீர் மண்ணுள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோகிராம். கடல்நீருக்கு ஏறத்தாழ 1025. யு வடிவக் குழாயில் இரு திரவங்களைச் சமன்செய்யும் அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த பாடன் கைபெனும் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க்கும் நூறாண்டுகளுக்கு முன்பே கண்ட விதி இது.

மகிழ்ச்சியான செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஆழ்துளைக் கிணறுகளால் நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 20 மீட்டர் மேலேறும். ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் மீளாது.

இப்போது கடைவீதிக்கு வருவோம். 100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது ஒரே நாளில் அவ்வளவு கொட்டுவதும் உண்டு. அந்த ஹெக்டேர் முழுவதும் சிமெண்ட் தளமாகிவிட்டால் அத்தனை நீரும் மண்ணுள் இறங்காமல் தெருவில் ஓடும். ஒருபக்கம் வெள்ளம், மறுபக்கம் உப்புக் கிணறு. இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஊருணி, கண்மாய், வரத்துக் கால்வாய், மிகைநீர் வழியும் கலிங்கு என்று நீருக்கு இடம் விட்டே ஊரை அமைத்தார்கள். கோடையில் வறண்டு கிடக்கும் கால்வாய் ஒரு வெற்றுமனைபோலத் தோன்றும். அதன்மேல் கடை கட்டியவர் பருவமழையில்தான் தாம் எங்கே கட்டினோம் என்பதை உணர்வார்.

எங்கள் தவறு

வண்டிகளை எண்ணுவது எளிது என்று நாங்களும் நினைத்திருந்தோம். ஒரு கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர் சிலருடன் கடற்கரைச் சாலையோரம் அமர்ந்து மூன்று நாள் எண்ணினோம். மே மாதம். லாரிகள் மிகக் குறைவு என்று முடிவு எழுதி, பெருமையோடு தேநீர்க்கடைக்காரரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "சார், இது தடைக்காலம். போட்டெல்லாம் கரையில கெடக்கு. மீன் லாரி எங்கேருந்து வரும்?" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. தடைக்காலம் முடிந்த பின்னும் பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்பது அங்கே நெடுநாள் ஏற்பாடு. படகுகள் கரை திரும்பும் நாளின் சாலை வேறு, மற்ற நாளின் சாலை வேறு. எங்கள் எண்ணிக்கையில் பிழையில்லை. எண்ணிய காலத்தில்தான் பிழை. அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அந்த ஊரில் வாழும் ஒருவரைக் கேட்டால் போதுமாயிருந்தது.

பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் இதையே தம் கொள்கையாகக் கொண்டிருந்தார். அவர் முதலில் உயிரியல் அறிஞர். பிறகு நகரமைப்பில் இறங்கியவர். 1914-இல் தம் நகரமைப்புக் கண்காட்சியை இந்தியாவுக்கு அனுப்பினார். அதை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்! மனம் தளராத கெடிஸ், வேறு படங்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களின் தெருக்களில் கால்நடையாகத் திரிந்து அறிக்கைகள் எழுதினார். மருத்துவர் நோயாளியைப் பார்த்த பிறகே மருந்து எழுதுவதுபோல, ஊரை ஆராய்ந்த பிறகே திட்டம் வரையவேண்டும் என்பது அவர் வாதம். நேர்க்கோட்டுச் சாலைக்காக வீடுகளை வரிசையாக இடிப்பதை அவர் எதிர்த்தார். அங்கங்கே சிறிதளவு திருத்தினால் போதும் என்று காட்டினார்.

பலர் கருத்தை எப்படிக் கூட்டுவது?

மக்களைக் கேட்கவேண்டும் என்பது சரி. ஆயிரம் பேரைக் கேட்டால் ஆயிரம் பதில் வருமே, என்ன செய்வது? 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த ஒரு கண்காட்சியில், ஓர் எருதை வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. 787 சீட்டுகளைப் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் ஆராய்ந்தார். தனித்தனியே பலர் தவறியிருந்தனர். ஆனால் சீட்டுகளை ஏறுவரிசையில் அடுக்கியபோது நடுவில் நின்ற எண் 1207 பவுண்டு. உண்மை எடை 1198 பவுண்டு! ஒருவர் மிகுதியாகச் சொன்னதும் மற்றவர் குறைவாகச் சொன்னதும் ஒன்றையொன்று சமன்செய்துவிட்டன.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்து எழுதாமல் தாமே எண்ணிச் சொல்லவேண்டும். எல்லாத் தரப்பினரும் சீட்டில் இடம்பெறவேண்டும். கூட்டத்தில் உரத்துப் பேசும் நால்வர் கருத்தை ஊரின் கருத்து என்று எழுதினால் இரண்டுமே தவறிப்போகும்.

எருதின் எடைக்கு ஒரு சரியான விடை உண்டு. ஊர்க் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. ஒரு புதிய பேருந்து நிலையம் அமைப்பதாகக் கற்பனை செய்வோம். மூன்று இடங்கள்: முக்கு, ஆவுடையார்கோயில் சாலை, கடற்கரைச் சாலையின் ஓரம். வாடிக்கையாளர் வேண்டும் என்பதால் கடைக்காரர்களின் வரிசை முக்கு, ஆவுடையார்கோயில் சாலை, கடற்கரை ஓரம். நெரிசலை வெறுக்கும் உள்நாட்டுச் சிற்றூர்க்காரர்களின் வரிசை ஆவுடையார்கோயில் சாலை, கடற்கரை ஓரம், முக்கு. மீனவர்களின் வரிசை கடற்கரை ஓரம், முக்கு, ஆவுடையார்கோயில் சாலை. மூன்று தரப்பும் சம எண்ணிக்கை.

இரண்டிரண்டாக வாக்கெடுங்கள். முக்கா, ஆவுடையார்கோயில் சாலையா? முக்கு வெல்லும். ஆவுடையார்கோயில் சாலையா, கடற்கரை ஓரமா? ஆவுடையார்கோயில் சாலை வெல்லும். அப்படியானால் முக்கு கடற்கரை ஓரத்தையும் வெல்லவேண்டும் அல்லவா? இல்லை! கடற்கரை ஓரம்தான் முக்கை வெல்கிறது. கரையைச் சுற்றி ஓடும் பிள்ளைகள்போல மூன்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன. 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே கண்ட புதிர் இது. கடைசியில் எந்தச் சோடிக்கு வாக்கெடுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

எனவே கை தூக்கி எண்ணுவது மட்டும் போதாது. ஏன் அந்த இடம் வேண்டும் என்று ஒவ்வொரு தரப்பும் மற்றவருக்குச் சொல்லவேண்டும். காரணங்கள் வெளியே வந்தால் நான்காவது வழி ஒன்று தென்படலாம். முக்கில் நிறுத்தம் மட்டும் இருக்க, பேருந்துகள் காத்துநிற்கும் இடம் வேறாக இருக்கலாமே.

பேசும் இடம் எது?

தமிழ்நாட்டில் ஊர்களைத் திட்டமிட 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் உண்டு. அதன்படி முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது மக்களின் ஆட்சேபனைகளையும் கருத்துகளையும் கேட்டாகவேண்டும். கடற்கரை ஊர்களில், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டடம் கட்டுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உள்ளன. முதலில் 1991-இலும் பிறகு 2011, 2019-இலும் அவை அறிவிக்கப்பட்டன. ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அதற்குரிய நாட்கள். ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டமும் அங்கேதான் முன்வைக்கப்படவேண்டும்.

வெறுங்கையோடு போனால் சபையில் குறைகளை மட்டுமே பேசுவோம். கையில் ஒரு வரைபடம் இருந்தால் பேச்சு மாறும். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரி ஊராட்சியில் 1990-களின் தொடக்கத்தில் ஊர்த் தொண்டர்களே அறிவியலாளர் துணையுடன் தங்கள் நிலத்தையும் நீரையும் வரைபடமாக்கினார்கள். 1996-இல் அம்மாநிலம் முழுவதும் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்கு இத்தகைய முயற்சிகள் வழிகாட்டின.

நீங்கள் செய்து பாருங்கள்

உங்கள் ஊர் எதுவாயினும் இந்த மூன்றையும் செய்யலாம். ஒன்று: பாதுகாப்பான திண்ணையில் அமர்ந்து முக்கைக் கடக்கும் வண்டிகளை எண்ணுங்கள். வாரநாள், சந்தை நாள், விடியல், மாலை என்று பிரித்து எண்ணுங்கள். எந்த நாளை விட்டுவிட்டோம் என்று ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். இரண்டு: மழை பெய்யும்போது நீர் எத்திசையில் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்து, பழைய கால்வாய்களைப் பெரியவர்களிடம் கேட்டு அதே வரைபடத்தில் வரையுங்கள். மூன்று: கிணறுகளில் கடல் மட்டத்தைக் கணக்கிட முடியாவிட்டாலும், நீர்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு கீழே உள்ளது என்பதை மாதந்தோறும் ஒரே நாளில் கயிறு விட்டு அளக்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க அளப்பது நல்லது.

கிராம சபையில் உறுப்பினராக வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். உங்களுக்கு இன்னும் அந்த வயதாகவில்லை. ஆனால் உங்கள் தாயோ தந்தையோ அந்த வரைபடத்தை எடுத்துச் செல்லலாம். எண்ணுக்கு வயது இல்லை. சரியாக எண்ணியிருந்தால் எண்ணியவர் ஒன்பதாம் வகுப்பு மாணவியா, பொறியாளரா என்று எவரும் கேட்கமாட்டார்.

மாலை நேரத்து முக்குக்கு மீண்டும் போவோம். அந்த அம்மா இன்னும் சாலை ஓரத்தில் காத்து நிற்கிறார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்தில் கூடையுடன் வேறொருவர் நிற்பார். அவருக்கு நடுவில் நிற்க ஒரு மேடை இருக்குமா, இராதா என்பது இன்று விட்டுவைக்கும் ஓரிரு மீட்டர் இடத்தைப் பொறுத்தது. அதைக் கேட்டுப் பெறுவதற்கான கணக்கு இப்போது உங்கள் கையில் இருக்கிறது.